மூச்சு விழுந்த சொற்கள்

கோலியர்ஸ் வுட், லண்டன்
15 ஒக்டோபர் 2023

பாசமுள்ள கஸ்பர் அண்ணைக்கு,

ஆண்டவர் தந்த சுகத்தோடு தங்கை டொலறஸ் எழுதுகிறேன். மகள் ஜெஸ்ரினும் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். எண்ணெய் அனுப்பவா?

நீங்கள் தபாலில் போட்ட மெமரி கார்ட் வந்து சேர்ந்தது. வானொலியை மூடினபோது ஹெட்போனை அலுமாரிக்குள் வைத்தவள், இனி எடுக்க வேண்டிவராது என்றுதான் இருந்தேன். நீங்கள் கேட்டதால் எடுத்தேன். தமிழ் வானொலியில் பதினெட்டு வருடம் மற்றவர்களின் இருமலையும் தும்மலையும் வெட்டினவளுக்கு அங்கத்தைய ஆதிக்குடிகளின் கிறீ மொழியில் வெட்டுவது பெரிய வேலையா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டுவது ஒன்றுதான். ஆனால் விளங்காத மொழியில் எது சொல், எது செருமல் என்று யாருக்குத் தெரியும்?

பதிவில் சொற்களைச் சொல்லுகிற உங்கள் ஆக்னஸ் அம்மாவின் குரல் மிகவும் மெல்லியது. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறேன். 'நிபிய்' என்றால் தண்ணீராம், 'நீபிய்' என்றால் இலையாம். எங்கள் குறில் நெடில் மாதிரியே. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட் முடிந்து வந்தால் கால் விறைத்துப்போய்விடுகிறது. இருந்தும், ஒவ்வொரு சொல்லாக வெட்டிப் பிள்ளைகளின் இணையத்தளத்தில் ஏற்றிவருகிறேன்.

இன்னொன்று. போன ஞாயிறு நீங்கள் ரெலிபோனில் பேசியது சரியாக விளங்கவில்லை. அந்தப் பக்கம் லைன் சரியில்லைப்போல. இனிக் கடிதமே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தும் கனகாலம்.

உங்கள் பூசையில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.
தங்கை டொலறஸ்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை, வட ஒன்ராறியோ
5 நவம்பர் 2023

என் அன்புத் தங்கை டொலறஸுக்கு,

இறைவன் துணை. முழங்காலைக் கேட்டாய், அது தன்பாட்டில் நோகிறது, நான் என்பாட்டில் நடக்கிறேன். எண்ணெய் அனுப்பாதே. இங்கே வந்து சேர முன்னமே உறைந்துவிடும்.

ஆற்றின் ஓரங்கள் இறுகத் தொடங்கிவிட்டன. ஞாயிறு பூசைக்கு முன்வாங்குகளில் ஒருவரும் இல்லை. கடைசி வாங்கில் சில முதியவர்கள், அவ்வளவுதான். நான் இந்தப் பங்குக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். பழகிவிட்டது என்று எழுத நினைத்தேன். பழகவில்லை.

உன் வேலையால் இங்கே ஒரு சந்தோஷம். ஆக்னஸின் மகள் ரூத் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அந்த இணையத்தளத்தை நடத்துவதும் அவர்தான். பிள்ளைகள் போனில் ஒரு படத்தைத் தொட்டால் ஆக்னஸ் அந்தச் சொல்லைச் சொல்கிறார். கிறீயை வாயாரப் பேசுகிறவர்கள் இந்த ஊரில் எல்லாருமே தலைநரைத்தவர்கள். அல்கோன்குயின் மொழிக் குடும்பத்தில் இதுதான் பெரியது என்கிறார்கள். பெரியதுக்கே இந்த நிலை.

வியாழக்கிழமைகளில் பதிவு. ஆக்னஸின் குசினி மேசையில் கருவியை வைத்து, பொத்தானை அமத்திவிட்டு நான் வெளியே போய்விடுவேன். விறகு அடுக்க இருக்கும். முடிந்ததும் யன்னலில் தட்டுவார். ஆகவே பதிவில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. கார்ட்டை அப்படியே உனக்குத் தபாலில் போடுகிறேன். இங்கத்தைய இணையத்தில் அவ்வளவு பெரிய பதிவை அனுப்ப ஏலாது.

லைன் சரியில்லை என்றாய். எனக்கு உன் குரல் நன்றாகத்தானே கேட்டது. பரவாயில்லை, எழுதுவோம்.

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும்.
அண்ணன் கஸ்பர்


கோலியர்ஸ் வுட்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணை,

சுகம் என்றே எழுதுகிறேன். களைப்பை நோயென்று எழுத முடியாதே. உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு அருள்நிறை செபம் சொல்கிறேன்.

அடுத்த கார்ட்டும் கிடைத்தது. இரைச்சல் துடைக்கிற மென்பொருள் ஒன்றை ஜெஸ்ரின் போட்டுத் தந்தாள். திரையில் ஒலியின் படத்தைப் பார்த்தால் பல சொற்களின் நடுவில் மெல்லிய புகை மாதிரி ஏதோ தெரிகிறது. காற்றோ அடுப்போ தெரியாது. காதில் ஒன்றும் விழவில்லை. எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருக்கிறது.

சொற்களுக்கு நடுவில் ஆக்னஸ் அம்மா என்னோடும் கதைக்கிறார், தெரியுமா? ஆங்கிலத்தில்தான். "லண்டன் பிள்ளை, இண்டைக்கு என்ன சமைச்சனி?" என்கிறார். இன்னும் வேறு கதைகளும் சொல்கிறார். சொல்லிவிட்டு "இதை வெட்டிப்போடு" என்பார். வெட்டிவிடுகிறேன்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கதவு சாத்துகிற சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மைனஸ் இருபதில் அப்படி என்ன விறகு அண்ணை?

நத்தார்ப் பாலனின் ஆசீர் உங்களோடிருப்பதாக.
டொலறஸ்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை
7 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

புதுவருடம் உனக்கும் ஜெஸ்ரினுக்கும் நலமாய் அமைய மன்றாடுகிறேன். இரண்டு கிழமை தடிமன், இப்போது பரவாயில்லை.

விறகைப் பற்றிக் கேட்டாய். விறகு அரைமணி நேர வேலை. மிச்ச நேரம் படியில் இருப்பேன், குளிர் கூடினால் வண்டிக்குள். முதல் நாளே ஆக்னஸ் சொல்லிவிட்டார், "பாதர் உள்ள இருந்தா எனக்குச் சொல் வராது" என்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. சின்ன வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோன ஆதிக்குடிப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். அதை நடத்தியது நான் இருக்கிற திருச்சபைதான். அப்போது நான் பிறக்கவுமில்லை, இந்த நாட்டைக் கேள்விப்பட்டதுமில்லை. ஆனால் போட்டிருக்கிற அங்கி அதேதான்.

அவரிடம் கேட்க மனமில்லை, உன்னிடம் கேட்கிறேன். வெட்டச் சொல்லுகிற கதைகளில் என்ன சொல்கிறார்? என்னைப் பற்றி ஏதும் சொல்கிறாரா?

புதுவருடத்தன்று ரெலிபோன் எடுத்தேன். நீ படுத்திருப்பதாக ஜெஸ்ரின் சொன்னாள். லண்டனில் அது மத்தியான நேரம். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன்னை ஆண்டவரின் கையில் ஒப்புக்கொடுக்கும்,
அண்ணன் கஸ்பர்


கோலியர்ஸ் வுட்
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கள் தடிமன் முற்றாக விட்டதா?

ஆக்னஸ் அம்மா வெட்டச் சொன்னதை வெட்டினேன். அதை என்னிடம் கேட்க வேண்டாம்.

புதுவருடத்தன்று ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு, வேறொன்றுமில்லை. இங்கே கோயிலில் மைக் பழுதாகிவிட்டது. மாதக்கணக்காகப் பிரசங்கம் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரும் அதைப்பற்றி வாய் திறக்கிறார்களில்லை.

நீங்கள் அனுப்பிய சொற்கள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டேன். மிருகங்கள், மீன்கள், உடம்பின் பாகங்கள், உறவுமுறைகள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

செபத்துடன்,
டொலறஸ்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை
10 மார்ச் 2024

அன்பின் டொலறஸ்,

தவக்காலத்தின் பொறுமையை இறைவன் நம் இருவருக்கும் தரட்டும். உடம்பு சுகம்.

நேற்று ரூத் போனோடு வந்தார். ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, "பாதர், இதைக் கேளுங்கோ" என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரே சொல்லிக் காட்டினார். இரத்தத்துக்கு அவர்களின் சொல் 'மிஹ்கோ'. தளத்தில் 'மிகோ' என்று கேட்கிறது. ஓநாய் 'மஹிஹ்கன்'; அதிலும் நடுவிலுள்ள 'ஹ்' என்ற மூச்சைக் காணவில்லை. அந்த மூச்சு இல்லாவிட்டால் அது சொல்லே இல்லையாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சில்லாமலே சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல, "இதை யார் படிப்பிச்சது?" என்று பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். "ஆக்னஸ் படிப்பிச்சவ" என்றாளாம்.

ரூத் அதைத் தாய்க்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கேட்டுவிட்டு ஆக்னஸ், "இது நான் இல்லை" என்றாராம்.

என்ன நடந்தது டொலறஸ்? துடைக்காத பதிவுகள் உன்னிடம் இருக்கின்றனவா? இங்கே கருவியில் இருந்ததை நான் அழித்துவிட்டேன். திரும்பச் சொல்லும்படி ஆக்னஸிடம் கேட்க ரூத்துக்கே துணிவில்லை. உடனே எழுது.

அண்ணன் கஸ்பர்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை
21 ஏப்ரல் 2024

டொலறஸ்,

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காப்பாராக. என் கடிதம் கிடைத்ததா என்றே தெரியவில்லை.

ரூத் எல்லாச் சொற்களையும் தளத்திலிருந்து இறக்கிவிட்டார். பிள்ளைகள் படத்தைத் தொட்டால் சத்தம் வருவதில்லை. கடையில் என்னைக் கண்டால் முன்பு தலையாட்டினவர்கள் இப்போது தட்டில் அடுக்கியிருக்கிற தகர ரின்களைப் பார்க்கிறார்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

நேற்று மனம் கேளாமல் ரெலிபோன் எடுத்தேன். "டொலறஸ், உனக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை, இண்டைக்கு நல்ல வெயில்" என்றாய். "நான் என்ன கேட்டனான்?" என்றேன். "ஓம் ஓம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டாய்.

அதன்பிறகு உன் கடிதங்களை எடுத்து ஒருமுறை முழுதாக வாசித்தேன். நான் நினைப்பது பிழையாக இருக்கட்டும். எதுவானாலும் எனக்கு எழுது. நான் உன் அண்ணன், மேலதிகாரி இல்லை.

கஸ்பர்


கோலியர்ஸ் வுட்
12 மே 2024

என் அன்பான அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். எனக்குச் சுகமில்லை. காது கேட்கவில்லை.

உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்றே துடைக்காத பதிவை எடுத்து வைத்துக் கேட்டேன். எனக்கு 'மிகோ' என்றுதான் விழுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். அன்று முழுக்க அதே. ஒரு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு ஜெஸ்ரினைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன்.

"அம்மா, இதில மிஹ்கோ எண்டெல்லோ சொல்லுறா."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்லையம்மா. நடுவில ஒரு மூச்சு. லிசின் பண்ணுங்கோ… கேக்கேல்லையா?"

கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் வாயால் சொன்னேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். ரீவியின் சத்தத்தில், கதவு மணியில், எல்லாவற்றிலும் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள். புதுவருடத்தன்று நான் படுத்திருக்கவில்லை அண்ணை. பக்கத்தில்தான் நின்று, வேண்டாம் என்று கைகாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். சத்தம் இன்னும் தொடங்கவில்லையாக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். அந்தப் பிள்ளை கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்று கைகாட்டியது. மெல்லிய மேல்சுருதி ஓசைகள் எனக்கு இனி இல்லையாம். வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். கடை வேலை எவராலும் ஏலும். காதால் செய்கிற இது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. நீங்கள் கேட்டபோது ஏலாது என்று சொல்ல மனம் வரவில்லை. திரையில் தெரிந்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். நான் புகையென்று வழித்தது ஆக்னஸ் அம்மாவின் மூச்சை.

துடைக்காத பதிவுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அனுப்பினால் ரூத் திருத்திவிடலாம். ஆனால் ஆக்னஸ் அம்மா வெட்டச் சொன்ன கதைகள் எல்லாம் அதற்குள்தான். மகளுக்குச் சொல்லாததை எனக்குச் சொன்னார். ஜெஸ்ரினை வைத்து வெட்டுவிப்போம் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். "இது எனக்குச் சொன்னதில்லை அம்மா" என்றாள்.

என்ன செய்வதென்று ஆக்னஸ் அம்மாதான் சொல்லவேண்டும். நீங்கள் போய்க் கேட்கவேண்டும். என் காதையும் சொல்லுங்கள்.

மன்னிக்க வேண்டுகிற தங்கை,
டொலறஸ்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை
16 ஜூன் 2024

என் டொலறஸ்,

தினமும் உனக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். காதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் பிரசங்கமாகிவிடும்.

முந்தின கிழமை வியாழக்கிழமை ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன். கருவி கொண்டுபோகவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் உன்னில் கோபப்பட்டார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"வெட்டச் சொன்னனான். அவ வைச்சிருந்தவவோ?"

"வெட்டினவ. வெட்ட முதல் இருந்ததை வைச்சிருந்தவ. வானொலிப் பழக்கம்."

"அவவுக்குக் காது கேக்காதோ?"

"ஓம். எனக்கே இப்பதான் தெரியும்."

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பள்ளிக்கூடத்தில நாங்கள் போர்வைக்குள்ள எங்கட பாஷையில குசுகுசுப்பம். பாதர் கதவுக்கு வெளியில நிண்டு கேப்பார். விடிய அடி விழும். பெலத்துக் கதைக்க அதுக்குப் பிறகு எனக்கு வரேல்லை. நீ கெட்டவன் இல்லை. ஆனா அந்த உடுப்போட நீ நிண்டா என்ர நாக்கு உள்ளுக்கு இழுக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டு என்ன?" என்றார். அது சரிதான்.

பதில் சொல்ல ஒரு கிழமை எடுத்தார். நேற்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "திரும்பவும் சொல்ல எனக்குப் பெலனில்லை. எல்லாத்தையும் ரூத்திட்டக் குடுக்கச் சொல்லு. முழுசா. லண்டன்காரிக்குச் சொன்னது, அவ தூரத்தில இருக்கிறா எண்டுதான். மகள் பக்கத்தில இருக்கிறாள். அதுதான் கஷ்டம்."

ஒரு நிபந்தனை: அது என் கைக்கு வரக்கூடாது. நேரே ரூத்தின் பெயருக்குப் போடு.

அண்ணன் கஸ்பர்


கோலியர்ஸ் வுட்
7 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிறேன். கார்ட்டை ரூத்தின் பெயருக்குப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டேன். எப்படி வெட்டுவது, மூச்சைத் திரையில் எப்படி அடையாளம் காண்பது என்று ஆங்கிலத்தில் எழுதி, படமும் கீறி வைத்தேன். தபால் கந்தோரில் வரிசையில் நிற்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அந்தப் பெண் அதைக் கேட்கப்போகிற நாளை நினைத்தேன்.

காதுக்கு மெஷின் தந்திருக்கிறார்கள். மேசையில் கிடக்கிறது.

டொலறஸ்


ஜேம்ஸ் விரிகுடாக் கரை
25 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

மடுமாதாவின் பரிந்துரை உனக்கிருக்கட்டும். முழங்கால் இப்போது படியேற மறுக்கிறது, மற்றப்படி சுகம்.

கார்ட் கிடைத்த கிழமை ரூத்தை வெளியே காணவில்லை. கதவில் தட்டப் போகவில்லை, அது என் வேலையில்லை. பிறகு ஒரு பின்னேரம் அவரே கோயில் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

"எனக்கொரு சித்தி இருந்தவவாம்" என்றார். "பள்ளிக்கூடத்தில அம்மாவுக்கு அடுத்த கட்டில். அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கதைச்சா அடி விழும், வாய் திறக்காதை எண்டு அம்மாதான் சொல்லி வைச்சவ. காய்ச்சல் வந்தும் அவ வாய் திறக்கேல்லை, வீட்டுக்குத் திரும்பி வரவும் இல்லை. இவ்வளவு வருஷமா ஒரு பெயர்கூட எனக்குச் சொல்லேல்லை, பாதர்."

இதெல்லாம் உனக்கு டிசம்பரிலிருந்தே தெரியும். நான் கேட்டும் நீ சொல்லாமல் வைத்திருந்தாய். அது உனக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது.

சொற்களைத் திரும்ப ஏற்றுகிறார் ரூத். இரைச்சலைத் துடைக்கவில்லை, அடுப்பு வெடிப்பதும் கேட்கிறது. 'நிஷீமிஷ்' என்று ஒரு சொல். எனக்கு இளையவர், தம்பியானாலும் தங்கையானாலும் அந்த ஒரு சொல்தான். மற்ற எல்லாவற்றையும் வெட்டியவர் அதை மட்டும் நீளமாக விட்டிருக்கிறார். முதலில் சொல். பிறகு கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆக்னஸ் ஒரு பெயரைச் சொல்கிறார். தாய் சம்மதித்துத்தான் ஏற்றினார். இப்போது ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் தெரியும்.

கருவியையும் ரூத் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனித் தாயும் மகளுமே பதிவு செய்வார்களாம். வியாழக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை.

உன் மெஷினைப் போடு டொலறஸ். மேசைக்கு எதற்கு அது?

அண்ணன் கஸ்பர்


கோலியர்ஸ் வுட்
15 செப்டம்பர் 2024

அன்பான அண்ணைக்கு,

நானும் ஜெஸ்ரினும் சுகம். நீங்கள் முழங்காலை டொக்ரரிடம் காட்டும்வரை நான் விசாரிப்பதை விடமாட்டேன்.

ரூத் எழுதியிருந்தார். படம் கீறினது உதவியாம். இனி என் உதவி தேவைப்படாது என்றும் எழுதியிருந்தார், நன்றியோடுதான். வாசித்துவிட்டு உங்கள் கடிதங்களோடு வைத்தேன். கவலையா, ஆறுதலா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கடையில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். காசுப் பட்டறையிலிருந்து பாண் தட்டுக்கு மாற்றியிருக்கிறார். மெஷினைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். ஒரு பையைக் கசக்கினால் கூரை இடிவதுபோல் கேட்கிறது. ஜெஸ்ரின் கதைப்பது தகரத்துக்குள்ளால் வருகிறது. பின்னேரமானால் தலை இடிக்கிறது, கழற்றி வைத்துவிடுகிறேன். பழகும் என்கிறார்கள். பார்ப்போம்.

உங்கள் குரலை நான் ஒரு வருடத்துக்கு மேலாகச் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ரெலிபோன் எடுங்கள். ஜெஸ்ரினிடம் கொடுக்கமாட்டேன், நானே எடுப்பேன். கெதியாகக் கதைக்க வேண்டாம். எனக்கு விளங்காவிட்டால் "என்ன அண்ணை?" என்று கேட்பேன். எத்தனை தரம் கேட்டாலும் நீங்கள் திரும்பச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
டொலறஸ்